பெரியாஸ்பத்திரியின் உள்ளாரும் வெளியாரும்: மருத்துவமனைத் தூய்மைப் பணி, சாதி, உறுப்புரிமை

மதுரை கோரிப்பாளையத்தை அடுத்துப் பனகல் சாலையில் அமைந்துள்ள அரசு இராசாசி மருத்துவமனையை ஊரார் இன்றும் 'பெரியாஸ்பத்திரி' என்றே அழைக்கின்றனர். ஒரு காலத்தில் எர்ஸ்கின் மருத்துவமனை என்று பெயர் பெற்றிருந்த இது, 1954-இல் தொடங்கப்பட்ட மதுரை மருத்துவக் கல்லூரியோடு இணைந்தது. மதுரை மாவட்டத்தார் மட்டுமல்லாமல், தேனி, திண்டுக்கல், விருதுநகர், சிவகங்கை, இராமநாதபுரம் மாவட்டங்களின் ஏழை மக்களும் நோய் முற்றிய நிலையில் வந்து சேரும் இடம் இது.

இத்தகைய மருத்துவமனை ஒன்றிற்குள் நுழையும் நோயாளியின் கண்ணுக்கு, மருத்துவரும் செவிலியரும் சக்கர நாற்காலியைத் தள்ளுபவரும் தரையைத் துடைப்பவரும் ஒன்றுபோல 'ஆஸ்பத்திரிக்காரர்கள்'தாம். ஆனால் ஏட்டில் அவ்வாறு இல்லை. தமிழ்நாட்டின் பெரிய அரசு மருத்துவமனைகளில் தூய்மைப் பணியும் காவல் பணியும் தனியார் ஒப்பந்த நிறுவனங்களிடம் ஒப்படைக்கப்பட்டுள்ளன. அப்பணிகளைச் செய்வோர் மருத்துவமனைக்குள் வேலை பார்க்கின்றனர். ஆனால் மருத்துவமனையின் பணியாளர்கள் அல்லர்.

நலவாழ்வுத் துறை ஊழியர்களிடையே 'நாமும் இந்த இடத்தைச் சேர்ந்தவர்' என்னும் உணர்வை வளர்க்க வேண்டும் என்று நிருவாகவியலார் இன்று அதிகம் பேசுகின்றனர். பாராட்டு விழா, சீருடை, குழுப் பயிற்சி முதலியவை அதற்கான வழிகளாகச் சொல்லப்படுகின்றன. உணர்வு வெறுமையில் பிறப்பதில்லை. ஓர் இடத்தின் ஏட்டில் பெயர், அதன் ஊதியப் பட்டியலில் இடம், அதன் முடிவுகளில் குரல் ஆகியவை இருந்தால்தான் ஒருவர் அவ்விடத்தைத் தமது என்று கருத இயலும். உறுப்புரிமையே முதலில் வரவேண்டும். உணர்வு அதனைத் தொடர்ந்து வரும். இந்த உறுப்புரிமை யாருக்கு மறுக்கப்படுகிறது, எந்தச் சட்டத்தால் மறுக்கப்படுகிறது, எந்தச் சட்டத்தைக் கொண்டு அதனைக் கோரலாம் என்பவற்றை இக்கட்டுரை தொகுத்துரைக்கிறது.

சாதியும் ஒப்பந்தமும் சந்திக்கும் இடம்

தமிழ்நாட்டின் நகரங்களில் தூய்மைப் பணி எந்தச் சமூகங்களின் தலையில் சுமத்தப்பட்டது என்பது அனைவரும் அறிந்ததே. அருந்ததியர் மக்களும், அவர்களோடு பிற பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் நகராட்சிகள் தோன்றிய காலந்தொட்டு இப்பணியில் வைக்கப்பட்டனர். மருத்துவமனைகளும் இதே வழக்கத்தையே பின்பற்றின. சாதி வேலையை மட்டும் பிரிப்பதில்லை, வேலை செய்யும் மனிதர்களையே மேல்கீழாகப் பிரித்து அடுக்குகிறது என்று அண்ணல் அம்பேத்கர் 1936-இல் 'சாதி ஒழிப்பு' நூலில் முன்வைத்த வாதத்தை, ஒரு பெரிய மருத்துவமனையின் பணியடுக்கைப் போல விளக்கும் சான்று வேறொன்று இல்லை.

அரசுப் பணி நிரந்தரமாக இருந்த காலத்தில் இந்த அநீதியோடு ஓர் ஈடும் இருந்தது. இழிவைச் சுமந்த தொழிலாளிக்குக் கால முறை ஊதியம், ஓய்வூதியம், பணிக்காலத்தில் இறந்தால் குடும்பத்தில் ஒருவருக்குக் கருணை அடிப்படையில் வேலை ஆகியவை கிடைத்தன. அந்த ஊதியத்தில்தான் ஒரு தலைமுறைப் பிள்ளைகள் கல்லூரிக்குச் சென்றனர். வெளிமுகமை முறை அந்த ஈட்டைப் பறித்துக்கொண்டது. இழிவை மட்டும் விட்டுவைத்தது.

இதில் கவனிக்க வேண்டிய இன்னொரு முரண் உண்டு. பட்டியல் சாதியினருக்கான 18 விழுக்காட்டு இடஒதுக்கீட்டுக்குள் அருந்ததியருக்கு 3 விழுக்காடு உள் ஒதுக்கீடு வழங்கும் சட்டத்தைத் தமிழ்நாடு 2009-இல் இயற்றியது. உள் ஒதுக்கீடு வழங்க மாநிலங்களுக்கு அதிகாரம் உண்டு என்று உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு 2024 ஆகஸ்டு 1 அன்று தீர்ப்பளித்தது. ஆனால் ஒப்பந்த நிறுவனம் ஆள் எடுக்கும்போது இடஒதுக்கீடு நடைமுறைக்கு வருவதில்லை. சட்டப்படி ஒதுக்கீடே இல்லாத அந்த வேலையில், வழக்கப்படியான சாதி ஒதுக்கீடு மட்டும் குறைவின்றி நடக்கிறது.

2020-இல் தமிழ்நாடு அரசு 'துப்புரவுப் பணியாளர்' என்னும் பெயரைத் 'தூய்மைப் பணியாளர்' என்று மாற்றியது. பெயர் மாற்றம் வரவேற்கத்தக்கதே. ஆயினும் பெயர் மாறிய பின்னரும் அப்பெயர் ஒப்பந்தக்காரரின் ஏட்டிலேயே இருக்குமானால், மதிப்பு சொல்லளவில் நின்றுவிடுகிறது.

தூய்மை, மருத்துவமனையின் மையப் பணியா?

இக்கேள்விக்குச் சட்டம் தரும் விடையே இன்று தீர்மானகரமானது.

1970-ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் (முறைப்படுத்தல் மற்றும் ஒழிப்பு) சட்டத்தின் 10-ஆம் பிரிவு, ஒரு பணியில் ஒப்பந்த முறையைத் தடை செய்யும் அதிகாரத்தை அரசுக்கு வழங்கியது. அப்பணி நிறுவனத்துக்குத் தேவையானதா, ஆண்டு முழுதும் நடைபெறுவதா, வழக்கமாக நிரந்தரத் தொழிலாளர்களால் செய்யப்படுவதா, முழுநேர ஆட்களை அமர்த்தப் போதுமானதா என்பனவே அளவுகோல்கள். மருத்துவமனைத் தூய்மைப் பணி இந்த நான்கிற்கும் பொருந்துவது.

எனினும், அவ்வாறு தடை செய்யப்பட்டாலும் தொழிலாளர்கள் தாமாகவே நிரந்தரமாகிவிட மாட்டார்கள் என்று 2001-இல் 'செயில்' வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்தது. அதே தீர்ப்பு ஒரு வாயிலையும் திறந்து வைத்தது: ஒப்பந்தம் உண்மையானது அன்று, வெறும் போர்வை என்று தொழில் தீர்ப்பாயத்தில் மெய்ப்பிக்கப்பட்டால், அத்தொழிலாளர்கள் முதன்மை வேலையளிப்பவரின் ஊழியர்களாகவே கருதப்படுவர்.

2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் தொகுப்புச் சட்டங்கள் நடைமுறைக்குக் கொண்டுவரப்பட்டுள்ளன. அவற்றுள் தொழில்சார் பாதுகாப்பு, நலவாழ்வு, பணிநிலைமைகள் பற்றிய 2020-ஆம் ஆண்டுத் தொகுப்புச் சட்டம், நிறுவனத்தின் 'மையப் பணி'களில் ஒப்பந்தத் தொழிலாளரை அமர்த்துவதைச் சில விலக்குகளோடு தடை செய்கிறது. ஆனால் மையப் பணி எது என்பதற்கான வரையறை, கூட்டுதல், துடைத்தல், கழிவு சேகரித்தல் உள்ளிட்ட துப்புரவுப் பணியையும், காவல், உணவகம், சலவை முதலியவற்றையும் வெளியே நிறுத்திவிடுகிறது. அந்நிறுவனம் அப்பணிக்கென்றே நிறுவப்பட்டிருந்தால் மட்டும் இந்த விலக்கு பொருந்தாது.

ஓர் ஆடை ஆலையில் தரையைக் கூட்டுவது துணைப் பணி என்று வாதிடலாம். மருத்துவமனையில் அந்த வாதம் நிற்காது. 1847-இல் வியன்னாவில் இக்னாஸ் செம்மல்வைஸ், பிரசவ அறைக்குள் நுழையும் மருத்துவர்களைக் குளோரின் கரைசலில் கை கழுவச் செய்தபோது தாய்மார் இறப்பு பெருமளவு குறைந்தது. அன்றிலிருந்து, தூய்மை என்பது மருத்துவத்துக்கு முந்தைய ஏற்பாடன்று. மருத்துவத்தின் ஒரு பகுதியே. அறுவை அரங்கின் தரையைக் கிருமிநீக்கம் செய்பவரின் கைத்திறன் தவறினால் அறுவை மருத்துவரின் கைத்திறன் வீணாகும். மருத்துவமனையில் தூய்மை மையப் பணியே என்பதை நீதிமன்றங்களிலும் பேரவையிலும் நிலைநாட்டுவது, வரும் ஆண்டுகளில் இயக்கங்கள் மேற்கொள்ள வேண்டிய முதன்மையான சட்டப் பணியாகும்.

அவர்களையும் கணக்கில் கொள்ளும் விதிகள்

ஒரு சட்டம் இவர்களை வெளியே நிறுத்தினாலும், இன்னொரு விதித்தொகுப்பு அவர்களை மருத்துவமனையின் பொறுப்புக்குள் கொண்டுவருகிறது. 2016-ஆம் ஆண்டின் உயிர்மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகள், கழிவைக் கையாளும் அனைவரையும் பற்றிப் பேசுகின்றன. அவர்கள் யாருடைய ஏட்டில் இருக்கின்றனர் என்று அவை பார்ப்பதில்லை. அவற்றின்படி மருத்துவமனைத் தலைமையின் கடமைகள் வருமாறு:

- பணியில் சேரும்போதும், அதன்பின் ஆண்டுக்கு ஒரு முறையேனும் பயிற்சி அளித்தல்.
- ஹெபடைடிஸ் பி, டெட்டனஸ் உள்ளிட்ட நோய்களுக்கு எதிராகத் தடுப்பூசி இடுதல்.
- பணியில் சேரும்போதும், ஆண்டுக்கு ஒரு முறையேனும் உடல் பரிசோதனை செய்தல்.
- போதுமான, பொருத்தமான பாதுகாப்புக் கவசங்கள் வழங்குதல்.

இவை சலுகைகள் அல்ல. பாதிக்கப்பட்ட திசுவும் இரத்தம் தோய்ந்த பஞ்சும் மஞ்சள் பைக்கும், குழாய், கையுறை முதலிய நெகிழிப் பொருள்கள் சிவப்புப் பைக்கும், ஊசி, கத்தி போன்ற கூரியவை துளைபடாத வெள்ளைக் கலத்துக்கும், கண்ணாடி நீலக் கலத்துக்கும் செல்ல வேண்டும். வார்டில் ஒருவர் ஊசியைத் தவறான பையில் போட்டால், அது குத்துவது அந்தப் பையைத் தூக்குபவரின் கையில். நோயுற்றவரின் இரத்தம் பட்ட ஊசி குத்தினால், தடுப்பூசி இடாதவருக்கு ஹெபடைடிஸ் பி தொற்றும் வாய்ப்பு 30 விழுக்காடு வரை உண்டு, ஹெச்.ஐ.வி. தொற்றும் வாய்ப்பு சுமார் 0.3 விழுக்காடு. ஹெச்.ஐ.வி.க்கு எதிரான தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும். எவ்வளவு விரைவோ அவ்வளவு நன்று. ஊசி குத்தியதைச் சொன்னால் வேலை போய்விடுமோ என்று அஞ்சும் ஒப்பந்தத் தொழிலாளி அந்த 72 மணி நேரத்தை மௌனத்தில் கழித்துவிடக்கூடும். இடத்தைச் சேர்ந்தவர் என்னும் உணர்வு இல்லாமை இங்கே மனவருத்தம் என்ற அளவில் நிற்பதில்லை; அது உயிருக்கே உலை வைக்கிறது.

கொரோனாக் காலம் இதற்கு இன்னொரு சான்று. 2020 மார்ச்சில் ஒன்றிய அரசு நலவாழ்வுப் பணியாளர்களுக்கு 50 லட்சம் ரூபாய்க் காப்பீட்டை அறிவித்தபோது, மருத்துவர், செவிலியரோடு தூய்மைப் பணியாளரையும் சேர்த்தது. ஒப்பந்த, வெளிமுகமை ஊழியர்களும் அதற்குள் வந்தனர். சாவின் அபாயத்தைப் பங்கிடும்போது அவர்களை நலவாழ்வுப் பணியாளர் என்று எண்ண முடிந்த அரசால், ஊதியத்தைப் பங்கிடும்போது மட்டும் ஏன் எண்ண முடியவில்லை?

வெள்ளை அங்கிக்குள்ளும் தொடரும் கோடு

அந்நியமாக்கப்படுவோர் தூய்மைப் பணியாளர்கள் மட்டும் என்று கருதுவது பிழை. தில்லி எய்ம்ஸ் நிறுவனத்தில் பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்கள் நடத்தப்படும் விதம் குறித்து ஆராய 2006-இல் பேராசிரியர் சுகதேவ் தோரட் தலைமையில் குழு அமைக்கப்பட்டது. விடுதியில் அம்மாணவர்கள் குறிப்பிட்ட தளங்களில் ஒதுங்கி வாழ நேர்ந்ததையும், உணவுக்கூடம், விளையாட்டு, வகுப்பறை ஆகியவற்றில் நிலவிய விலக்கலையும் அதன் 2007-ஆம் ஆண்டு அறிக்கை பதிவு செய்தது. 2019 மே மாதம் மும்பை நாயர் மருத்துவமனையில் முதுநிலை பயின்ற பழங்குடி மருத்துவர் பாயல் தட்வி உயிரை மாய்த்துக்கொண்டார். மூத்த மருத்துவர் மூவர் மீது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழும் வழக்குப் பதிவானது. அவருடைய தாயும் ரோகித் வேமுலாவின் தாயும் அதே ஆண்டு உச்ச நீதிமன்றத்தை அணுகி, உயர்கல்வி நிறுவனங்களில் சாதிப் பாகுபாட்டைத் தடுக்கும் நடைமுறையைக் கோரினர்.

செவிலியர்களின் நிலையும் நோக்கத்தக்கது. மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் வழியே 2015-இல் தேர்வெழுதித் தேர்ச்சி பெற்ற செவிலியர்கள், மாதம் 7,700 ரூபாய்த் தொகுப்பூதியத்தில் அமர்த்தப்பட்டனர். பக்கத்தில் நின்று அதே பணியைச் செய்த நிரந்தரச் செவிலியரின் ஊதியமோ அதைப்போலப் பன்மடங்கு. 2017 நவம்பர் இறுதியில் அவர்கள் சென்னையில் திரண்டு வேலைநிறுத்தம் செய்தனர். அரசின் தற்காலிக ஊழியருக்கும் சம வேலைக்குச் சம ஊதியம் என்னும் கோட்பாடு பொருந்தும் என்று 2016-இல் ஜக்ஜித் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியதற்குப் பிந்தைய நிகழ்வு இது. ஒப்பந்த முறை முதலில் கீழ்த்தளத்தில் நுழைகிறது. அங்கே எதிர்ப்பின்றி விடப்பட்டால் மேல்தளத்துக்கும் ஏறிவருகிறது. செவிலியரும் தூய்மைப் பணியாளரும் ஒரே மேடையில் நிற்பதற்கான காரணம் இதுவே.

ஊர்ப்புறத்துத் தெருக்களில்

நகரைக் கடந்து மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம், வாடிப்பட்டிச் சமவெளிக்குச் சென்றால் நிலைமை வேறு வடிவம் கொள்கிறது. சமவெளிப் பகுதியில் 5,000 பேருக்கு ஒரு துணைச் சுகாதார நிலையம் என்பது அளவு. அதன் கிராமச் சுகாதாரச் செவிலியர் கர்ப்பிணிகளைப் பதிவு செய்கிறார். குழந்தைகளுக்குத் தடுப்பூசி இடுகிறார். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் பெண் தன்னார்வலர்கள் வீடு வீடாகச் சென்று இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கின்றனர். இவர்களுடைய பணியிடம் மருத்துவமனைக் கட்டடம் அன்று. ஊரும் சேரியும் அடங்கிய தெருக்கள்.

அத்தெருக்களின் வரலாறு நமக்குத் தெரியும். பேரையூர் வட்டம் உத்தப்புரத்தில் தலித் மக்களைப் பிரித்து நின்ற சுவரின் ஒரு பகுதி 2008 மே 6 அன்றுதான் இடிக்கப்பட்டது. பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளில் தலித் தலைவர் ஒருவர் பதவியில் நிலைப்பதற்கு 2006 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. மேலவளவில் 1997-இல் ஊராட்சித் தலைவர் முருகேசனும் அவரோடு இருந்தோரும் வெட்டிக் கொல்லப்பட்டனர். இத்தகைய நிலப்பரப்பில் தலித் செவிலியர் ஒருவர் ஊர்த்தெருவின் எந்த வாசல் வரை செல்ல முடிகிறது, ஆதிக்க சாதியைச் சேர்ந்த பணியாளர் சேரிக்குள் எத்தனை முறை வருகிறார் என்பவை நலவாழ்வுத் துறை கேட்க வேண்டிய கேள்விகள். துணை நிலையம் எந்தத் தெருவில் கட்டப்படுகிறது என்பதே பல வேளைகளில் இக்கேள்விக்கு விடையாகிவிடுகிறது. ஊழியரின் பாதுகாப்பை அவருடைய தனிப்பட்ட சாமர்த்தியத்துக்கு விட்டுவிடாமல் துறை ஏற்க வேண்டும்.

இரண்டு முன்னுதாரணங்கள்

முதலாவது மதுரையிலேயே உள்ளது. அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற மருத்துவர் கோ. வெங்கடசாமி 1976-இல் 11 படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, பெரும்பாலும் கிராமப்புறக் குடும்பங்களின் இளம்பெண்களைப் பள்ளிப் படிப்பு முடிந்ததும் தேர்ந்தெடுத்து, இரண்டு ஆண்டுகள் பயிற்சியளித்துக் கண் மருத்துவப் பணியாளர்களாக ஆக்குகிறது. பார்வைப் பரிசோதனை முதல் அறுவை அரங்கில் நோயாளியை ஆயத்தம் செய்வது வரை அவர்கள் கையில் உள்ளது. இது சாதியை எதிர்கொள்வதற்காக எழுந்த ஏற்பாடு அன்று. ஒரு தனியார் அறக்கட்டளையின் முடிவு. சட்ட உரிமையாக யாரும் கோர இயலாதது. ஆயினும் ஒன்றை அது தெளிவாக்குகிறது: 'தகுதி இல்லை' என்று ஒதுக்கப்படுவோருக்கு இரண்டாண்டுப் பயிற்சியும் பொறுப்பான இடமும் அளித்தால், மருத்துவமனையே அவர்களைச் சார்ந்து நிற்கும் நிலை உருவாகும். தூய்மைப் பணியாளருக்கும் அவர்தம் பிள்ளைகளுக்கும் இத்தகைய பதவி உயர்வுப் பாதையை அரசு ஏன் வகுக்கவில்லை என்று நாம் கேட்கலாம்.

இரண்டாவது கடல் கடந்தது. அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலம் சார்ல்ஸ்டன் நகரின் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில், 1969 மார்ச்சில் கறுப்பினத் தொழிலாளர் 12 பேர் வேலைநீக்கம் செய்யப்பட்டனர். செவிலியர் உதவியாளரான மேரி மூல்ட்ரி தலைமையில் 400-க்கும் மேற்பட்டோர், பெரும்பாலும் கறுப்பினப் பெண்கள், வேலைநிறுத்தத்தில் இறங்கினர். கொரெட்டா ஸ்காட் கிங் நேரில் வந்து துணை நின்றார். சுமார் 100 நாள்களுக்குப் பின் வேலை இழந்தோர் திரும்ப எடுக்கப்பட்டனர், ஊதியம் உயர்ந்தது, குறைதீர்க்கும் நடைமுறை ஏற்கப்பட்டது. சங்கத்துக்கு அங்கீகாரம் மட்டும் கிடைக்கவில்லை. ஊதியக் கோரிக்கையும் நிறவெறிக்கு எதிரான கோரிக்கையும் அங்கே இரண்டாகப் பிரிந்து நிற்கவில்லை. கூலி உயர்வுப் போராட்டமும் சாதி எதிர்ப்புப் போராட்டமும் தனித்தனியே நடக்கும் நம் சூழலுக்கு அது தரும் பாடம் இதுவே.

செய்யத்தக்கவை

மருத்துவமனைத் தூய்மைப் பணியை மையப் பணியாக அறிவித்து நிரந்தரப்படுத்துவதே முழுத் தீர்வு. அதுவரை பொறுத்திருக்கத் தேவையில்லாத, இன்றைய சட்டத்தைக் கொண்டே பெறத்தக்க உரிமைகளும் உண்டு. ஒப்பந்தக்காரர் ஊதியம் தராவிடில் முதன்மை வேலையளிப்பவரே தர வேண்டும் என்னும் பொறுப்பு பழைய சட்டத்திலும் இருந்தது, புதிய தொகுப்புச் சட்டத்திலும் இருக்கிறது. பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013-ஆம் ஆண்டுச் சட்டம் ஒப்பந்தப் பெண் தொழிலாளரையும் காக்கிறது. பொதுப் பார்வைக்குட்பட்ட இடத்தில் சாதிப் பெயரால் இழிவு செய்வது, செய்பவர் மருத்துவராயினும் மேற்பார்வையாளராயினும், வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் குற்றமே.

மாணவர்களும் செயற்பாட்டாளர்களும் தத்தம் ஊர் அரசு மருத்துவமனையில் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், 10 ரூபாய்க் கட்டணத்தில், பின்வரும் கேள்விகளை எழுப்பலாம். 30 நாள்களுக்குள் விடையளிக்க வேண்டியது அலுவலகத்தின் கடமை.

1. தூய்மைப் பணியில் நிரந்தரப் பணியிடங்கள் எத்தனை? அவற்றில் நிரப்பப்படாதவை எத்தனை? ஒப்பந்தத் தொழிலாளர் எத்தனை பேர்?
2. ஒப்பந்தப்படி ஒரு தொழிலாளிக்கு அரசு வழங்கும் தொகை எவ்வளவு? அவருக்கு வழங்கப்பட்ட ஊதியத்தை மருத்துவமனை எவ்வாறு சரிபார்க்கிறது?
3. வருங்கால வைப்பு நிதியும் ஈ.எஸ்.ஐ.யும் எத்தனை பேருக்குச் செலுத்தப்படுகின்றன?
4. கடந்த மூன்று ஆண்டுகளில் எத்தனை பேருக்கு ஹெபடைடிஸ் பி தடுப்பூசி முழுமையாக இடப்பட்டது? எத்தனை ஊசிக்குத்துக் காயங்கள் பதிவாயின?
5. தொற்றுத் தடுப்புக் குழுவில் தூய்மைப் பணியாளரின் பிரதிநிதி உண்டா? உடை மாற்றவும் உணவருந்தவும் அவர்களுக்கு அறை உண்டா?

இக்கேள்விகளுக்கான விடைகளைத் திரட்டினால், ஒரு மருத்துவமனை யாரைத் தன்னவராகக் கருதுகிறது என்பது எண்களிலேயே வெளிப்பட்டுவிடும். அந்த எண்களைக் கையில் கொண்டு தொழிலாளரோடு அமர்ந்து பேசுவதிலிருந்து பணி தொடங்க வேண்டும். நோயாளியின் கண்ணுக்கு 'ஆஸ்பத்திரிக்காரர்' என்று தோன்றும் ஒவ்வொருவரும் ஏட்டிலும் ஆஸ்பத்திரிக்காரராக இருக்கும் நாளில், அவ்விடத்தைச் சேர்ந்தவர் என்னும் உணர்வை யாரும் அவர்களுக்குத் தனியே ஊட்ட வேண்டியிராது.